தோற்றவர் நடந்து வர வேண்டும்

ஒவ்வொரு வருடமும் டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முன்பே நான் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். சான்டா கிளாராவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து இந்தியக் கடையில் அந்த நேரம் கூட்டம் இருக்காது. முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்ப்பேன். வாங்கப்போகாத ஊறுகாய் பாட்டில்களை எடுத்துப் படிப்பேன். நான் திரும்பி வருவதற்குள் வீட்டில் டிவி அணைந்திருக்க வேண்டும். அன்றைக்குத்தான் ஆர்மி அகாடமிக்கும் நேவி அகாடமிக்கும் அமெரிக்க ஃபுட்பால்.

"வருஷம் பூரா எல்லா மேட்ச்சும் பார்க்கற, இது ஒண்ணு மட்டும் ஏன் ஆகாது?" என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறார். பேண்டுச் சத்தம் தலைவலி என்பேன். அவரும் விட்டுவிடுவார்.

உங்களிடம் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. நீங்களும் என்னைப் போல ஆறு ஏழு வயதில் பெட்டியோடு பெட்டியாக இந்த நாட்டுக்கு வந்து இறங்கியவர்கள். நம் அப்பாக்கள் எதற்குச் சிரித்தார்கள், எதற்கு வாயை மூடிக்கொண்டார்கள் என்பதெல்லாம் நமக்கே இப்போதுதான், முழங்கால் வலிக்கத் தொடங்கிய பிறகுதான், அரைகுறையாகப் புரிகிறது.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், பைன் மரக்காட்டுக்கு நடுவே இருந்த ஒரு ராணுவ முகாமில் குடியிருந்தோம். அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டர். மேஜர். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டு மனிதர், பச்சைச் சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு சிப்பாய்களின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பீரங்கிச் சத்தத்தில் காது கெட்டவர்கள் அவரிடம் வரிசையாக வருவார்கள். எனக்கு அப்பாவின் அடையாளமே அவர் சட்டைப் பையில் இருந்த அந்தச் சின்ன டார்ச்தான். காதுக்குள் வைக்கிற கறுப்புப் புனல் மாட்டியது. எங்களுக்கு ஜலதோஷம் வந்தால்கூட முதலில் காதைப் பிடித்து இழுத்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

மற்ற ஆஸ்பத்திரிகள் எல்லாம் அவர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய காலத்தில் ஆர்மி அவரை எடுத்துக்கொண்டது. அதை அவர் சாகும்வரை மறக்கவில்லை. "ஊரு பேரு தெரியாதவனுக்கு ஒரு சட்டை குடுத்து, அதுல எம் பேரையும் தச்சுக் குடுத்தாம்லா" என்பார். எங்கள் பெயர் நீளம். சட்டையில் இடம் போதாமல் எழுத்துகளை நெருக்கி நெருக்கித் தைத்திருப்பார்கள். அதைத் தடவிக்கொண்டே சொல்வார்.

முகாமில் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு குண்டு வெடிக்கும். கொடியை இறக்குவார்கள். அந்த நேரம் ரோட்டில் போகிற கார் எல்லாம் நிற்கும், ஆட்கள் இறங்கி அசையாமல் நிற்பார்கள். அம்மா புடவைமேல் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு, காருக்குப் பக்கத்தில் நெஞ்சில் கை வைத்து நிற்பாள். உள்ளே ரொட்டிப் பையோடு ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருக்கும். "உங்கப்பா சோறு திங்கற இடம், நிக்கணும்" என்பாள். ஆனால் அம்மா மனசு வேறு இடத்தில் இருந்தது. அவள் தூத்துக்குடி. அவள் பிறந்த வீட்டு மொட்டை மாடியிலிருந்து துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் தெரியும். அண்ணன் குழந்தையாக இருந்தபோது அவனுக்குக் கப்பல் காட்டித்தான் சோறூட்டினாள்.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவன். அப்பாவுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தது அவன்தான். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பா, மிளகு டப்பா, ஊறுகாய்க் கரண்டி எல்லாவற்றையும் ஆட்டக்காரர்களாக நிறுத்தி விளக்குவான். "இவன் இவனைத் தடுப்பான்பா, அந்த கேப்ல பந்தோட இவன் ஓடுவான்." அப்பா உப்பு டப்பாவைத் தானே நகர்த்திப் பார்த்து, "ஏலே, இது நம்மூரு சடுகுடுலே" என்பார். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆர்மி ஜெயித்தால் அப்பா அண்ணன் முதுகில் ஓங்கி ஒன்று போடுவார். அவர்கள் இரண்டு பேரும் தொட்டுக்கொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று இப்போது நினைக்கும்போது தெரிகிறது.

அண்ணன் பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் அதிகாரிகளை உருவாக்குகிற ஆர்மி, நேவி இரண்டு அகாடமிக்கும் எழுதிப்போட்டிருந்தான். நேவிக்குப் போட்டதை அப்பா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆர்மியிலிருந்து கடிதம் முதலில் வந்தது. அப்பா அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அம்மா மைசூர்பாகு கிளறினாள். அது கல்லாகிவிட்டது. அதையும் உடைத்து உடைத்துக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து நேவியிலிருந்தும் கடிதம் வந்தது.

அண்ணன் சாப்பிடும்போது சொன்னான். ரசம் சாதம் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல்.

"அப்பா, நான் நேவிக்குப் போறேன்."

அப்பா அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார். "எதுக்கு?"

"எனக்குக் கடல் வேணும்பா."

அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். உடனே எழுந்து மோர் எடுக்கப் போய்விட்டாள். அப்பா உடைத்த அப்பளத்தைத் தட்டில் போட்டார். பிறகு சிரித்தார். "சரிலே. இனி உன்னைய ஆடுன்னுதான் கூப்பிடணும்" என்றார். நேவி அணியின் சின்னம் ஆடு. ஆர்மிக்குக் கோவேறு கழுதை. நாங்களும் சிரித்தோம். அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்ததை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் சத்தம் போட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் மறுத்திருப்பான், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார்கள், முடிந்திருக்கும். அப்பா அப்படிச் செய்யவில்லை. தன் வருத்தம் முழுவதையும் எடுத்து அந்த விளையாட்டுக்குள் போட்டுக்கொண்டார். கேலி செய்கிறாரே, அப்படியானால் கோபமில்லை என்று நாங்கள் நினைத்தோம்.

அண்ணன் கோடையில் கிளம்பிப் போனான். இலை பழுக்கிற சமயத்தில் எங்கள் வீட்டு வாசல்கதவில் அப்பா ஒரு பலகை மாட்டினார். கறுப்பில் தங்க எழுத்து: நேவியைத் தோற்கடி. டிசம்பர் மேட்சுக்காக முகாமில் எல்லா வீட்டிலும் அந்தப் பலகை உண்டு. ஆனால் மகனை நேவிக்கு அனுப்பிவிட்டு மாட்டிய வீடு எங்களுடையதுதான். போகிற வருகிறவர்கள் காரை நிறுத்திச் சிரித்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு தேவையாக இருந்தது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். முதல் வருடப் பையன்களுக்கு அங்கே போனுக்கு வரிசை. ஐந்து நிமிடம்தான். எங்கள் வீட்டு போன் சமையலறைச் சுவரில், சுருட்டை வயரோடு தொங்கும். அப்பா முதலில் எடுப்பார். "நேத்து ஆர்மி இருபத்தி நாலு பாயின்ட்டு. உங்க ஆட்டு மந்தை எத்தனைலே?" என்று கேட்பார். அவன் பதில் சொல்வதற்குள் ரிசீவரை அம்மாவிடம் நீட்டிவிடுவார். அம்மா சாப்பிட்டாயா, குளிருகிறதா, எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா என்று நாலு நிமிடத்தைத் தின்றுவிடுவாள். கடைசி அரை நிமிடம் எனக்கு.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அரை நிமிடத்தில் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பாப்பா, திருப்பிச் சொல்லாதே, கேளு. எனக்கு லெஃப்ட் காதுல சீழ் மாதிரி வருது. ஸ்மெல் அடிக்குது. சரியா கேக்க மாட்டேங்குது."

"டாக்டர்கிட்ட போ."

"இங்க போனா ஃபைல்ல எழுதிடுவாங்க. அப்புறம் கப்பல்ல போட மாட்டாங்க. அப்பா ஒரு தடவை பார்த்தா போதும், என்னன்னு சொல்லிடுவார். அவர்கிட்ட மட்டும் சொல்லு. அம்மாகிட்ட வேணாம், அழுவாங்க. என் பின்னாடி பசங்க நிக்கறாங்க. சொல்லுவியா?"

"சொல்றேண்ணா."

எனக்குப் பதினோரு வயது. இவ்வளவு பெரிய ரகசியம் அதுவரை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.

அன்றைக்கே சொல்லவில்லை. ஓர் அவசர அறுவைச் சிகிச்சைக்கு என்று அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாள் நானே மறந்தேன். வியாழக்கிழமை எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஆஸ்பத்திரி ஆட்கள் கூடியிருந்தார்கள். ஒரு படுக்கை விரிப்பில் கழுதை ஆட்டை உதைக்கிற மாதிரிப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். கோழி வறுபடுகிற புகை, பெயின்ட் வாசனை, ரேடியோ. அப்பா கையெல்லாம் கறுப்பு பெயின்ட். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதிகம் பார்த்ததில்லை. பக்கத்தில் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, அண்ணனுக்கு..."

"இன்னைக்கு இந்த வீட்டுல ஆட்டைப் பத்திப் பேச்சே கெடையாது!" என்றார் அப்பா. அதையே இங்கிலீஷிலும் சொன்னார். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். ஒரு நர்ஸ் என் கையிலும் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தாள். நானும் சிரித்தேன். ஆட்டின் கொம்புக்கு வர்ணம் அடித்தேன்.

அடுத்த ஞாயிறு அண்ணன் கேட்டான். "சொன்னியா?"

சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட விதம், ஏதோ கைநீட்டிக் கேட்கிற மாதிரி இருந்தது. "சொல்லிட்டேன்" என்றேன்.

"என்ன சொன்னார்?"

"மேட்ச் அன்னிக்கு வந்து பார்க்கறேன்னார்."

அவன் மூச்சு விட்டது போனில் கேட்டது. "தேங்க் யூ, பாப்பா."

அது பொய்யாக எனக்குத் தோன்றவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்ட உண்மை என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்கு அப்பாவிடம் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். இல்லாவிட்டாலும் மேட்ச் அன்றைக்கு இருவரும் நேருக்கு நேர் நிற்கப்போகிறார்கள், அவன் காதைக் காட்டுவான், அப்பா பார்ப்பார். நாளை நாளை என்று தள்ளத் தள்ள, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்து வளர்ந்தது. அந்தக் கேள்விக்குப் பயந்தே பிறகு வாயைத் திறக்கவில்லை.

மேட்சுக்கு முந்தின ஞாயிறு, அதிசயமாக, அப்பா போனை உடனே நீட்டவில்லை.

"பந்தயம் வச்சுக்கிடுவமாலே? தோத்தவன் மைதானத்தைச் சுத்தி நடந்து ஜெயிச்சவன் பக்கம் வரணும். நேவி தோத்தா நீ எங்க பக்கம் வா. ஆர்மி தோத்தா நான் உங்க பக்கம் வாறேன். ஆனா அது நடக்காது." அந்தப் பக்கம் அவன் ஏதோ சொல்ல, அப்பா உரக்கச் சிரித்தார். "டார்ச் எதுக்குலே? கோல் லைன் எங்கன்னு தேடவா?"

அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது. அப்பா அம்மாவிடம் ரிசீவரைக் கொடுத்துவிட்டு, "டார்ச் எடுத்துட்டு வரணுமாம். கிண்டல் கூடிப்போச்சு அவனுக்கு" என்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அண்ணன் எதற்காகக் கேட்டான் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவனோ, அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று அப்பா சாமர்த்தியமாகப் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்திருக்கிறான்.

பிலடெல்பியாவுக்கு முகாமிலிருந்து பஸ் விட்டார்கள். வெளிறிய வெயில், காதைக் கிழிக்கிற காற்று. அம்மா அடுக்கு டிபன் கேரியரில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கோட்டுக்கு உள்ளே அவள் கட்டியிருந்தது கருநீலப் புடவை, மஞ்சள் கரை. நேவியின் நிறங்கள். அவள் பொத்தான் போடும்போது பார்த்துவிட்டேன். உதட்டில் விரல் வைத்தாள். கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு ஆர்மிக்காரர்களுக்கு நடுவே நாள் முழுதும் உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அகாடமி மாணவர்களும் அணி அணியாக மைதானத்துக்குள் நடந்து வந்தார்கள். சாம்பல் கோட்டு ஒரு பக்கம், கருநீலக் கோட்டு ஒரு பக்கம். ஆயிரக்கணக்கான வெள்ளைத் தொப்பிகளில் எது அண்ணன் என்று தெரியவில்லை. அம்மா ஒவ்வொரு வரிசைக்கும் கையை மெல்ல ஆட்டினாள். அப்பா பைனாகுலரை எடுத்துப் பார்த்தார். ஆர்மி அணி வந்த பிறகும் அவர் பைனாகுலரை நேவிப் பக்கத்திலிருந்து திருப்பவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

ஆர்மி தோற்றது. கடைசிவரை இழுத்துக்கொண்டு போய்த் தோற்றது. எங்கள் பக்கத்தில் ஒரே அமைதி. பிறகு எதிர்ப்பக்கத்துக் கூச்சல் மைதானத்தைத் தாண்டி வந்தது. ஆஸ்பத்திரியின் பெரிய அதிகாரி, ஒரு கர்னல், எங்களுக்கு முன்வரிசையில் இருந்தார். நல்ல மனிதர், எனக்குச் சாக்லேட் கொடுப்பார். அவர் திரும்பி, சிரித்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டார்:

"சொல்லுங்க டாக்டர், உண்மையில நீங்க எந்தப் பக்கம்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அந்த இடத்தில் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் அது வேடிக்கைதான். வேறொரு நாட்டில் பிறந்து, உச்சரிப்பு மாறாத நாக்கால் இந்த நாட்டுக்குச் சத்தியம் செய்துகொடுத்தவரிடம் அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தும் என்பது எனக்கு ஐம்பது வயதில்தான் புரிந்தது.

"ஆர்மி, சார்," என்றார் அப்பா. முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மா டிபன் கேரியரோடு எழுந்தாள். "வாங்க, பிள்ள காத்துக்கிட்டு இருப்பான். நடந்து வாறேன்னு சொன்னீங்கள்லா."

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. எனக்குக் காலு மரத்துப்போச்சு. நான் பஸ்ல இருக்கேன்."

"ஏங்க..."

"போயிட்டு வாங்கன்னேன்லா."

மைதானத்தைச் சுற்றி நடந்தோம். கூட்டம் எங்களுக்கு எதிரே வந்தது. அண்ணன் சொல்லியிருந்த வாசலில் நின்றுகொண்டிருந்தான். பித்தளைப் பொத்தான் வைத்த நீளக் கோட்டில் உயரமாக, ஒல்லியாக, யாரோ மாதிரி இருந்தான். ஜெயித்த சந்தோஷத்தில் முகம் சிவந்திருந்தது. எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினான். உடனே அவன் பார்வை எங்கள் தலைக்கு மேலே, பின்னால் போயிற்று.

"அப்பா எங்க?"

"பஸ்ல இருக்காங்கப்பா. காலு மரத்துப்போச்சாம்."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். "வரலையா?"

அம்மா அவன் இடது பக்கம் நின்று, கன்னத்தைத் தடவிக்கொண்டே என்னென்னவோ சொன்னாள். புளியோதரை ஆறிவிட்டது, நண்பர்களுக்கும் கொடு, பாத்திரத்தைக் கிறிஸ்துமஸுக்கு வரும்போது கொண்டுவா. அவன் பதில் சொல்லவில்லை. கோபம் என்று நினைத்து அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது.

அவன் குனிந்து என்னை ஓரமாக இழுத்தான்.

"பாப்பா, நிஜமா அப்பாகிட்ட சொன்னியா?"

அந்த நேரம்கூட ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்திருக்கலாம். பஸ் கிளம்ப அரை மணி இருந்தது. நான் அவன் கோட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "சொன்னேன்."

"அப்ப சரி," என்றான். என் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டான். நண்பர்கள் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பாத்திரத்தை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவன் வரவில்லை. கூடப் படிக்கிற பையனோடு டெக்சாஸுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னான். அப்பா போனை வாங்கவே இல்லை. பந்தயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றாத வெட்கம் அவருக்கு இருந்தது என்று நினைக்கிறேன். அந்த வெட்கம் எங்களுக்குக் கோபம் மாதிரித்தான் தெரிந்தது. வாசல்பலகையை மட்டும் கழற்றிவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு காலை அகாடமியிலிருந்து போன் வந்தது. அண்ணன் மாடிப்படியில் தலைசுற்றி விழுந்திருக்கிறான். காதுக்குள்ளே நோய் எலும்பை அரித்திருக்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்றார்கள். அப்பா யூனிஃபார்மோடு அப்படியே காரை எடுத்துக்கொண்டு போனார். நாலு நாள் கழித்துத் திரும்பியபோது சவரம் செய்யாத முகத்தோடு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அதே மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"மாசக்கணக்கா சீழ் வடிஞ்சிருக்கு," என்றார் அம்மாவிடம். "அறுத்த டாக்டர் சொல்லுதான், இலை உதிர்ற சமயத்திலயே பாத்திருந்தா கேக்கற சக்தியக் காப்பாத்தியிருக்கலாமாம். அவன் எனக்குப் படிச்சுக் குடுக்கான்! நான் ஒரு நாளைக்கு முப்பது காது பாக்கேன். எம் பிள்ள என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. அவ்வளவு வீம்பா?"

"நீங்க கேக்கலையா, ஏம்லே சொல்லலைன்னு?"

"கேக்கல. அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுல்லா படுத்திருந்தான்."

என் பென்சில் நின்றுபோயிருந்தது. அம்மா என்னைப் பார்த்து, "நீ உள்ள போ, பாப்பா" என்றாள். எழுந்து போனேன்.

இடது காது போயிற்று. அகாடமியிலிருந்து மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். அவன் வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் இருந்தான். அப்பா தினமும் கட்டு மாற்றிவிட்டார். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் ஒரு முழம் தூரத்தில், ஒரு வார்த்தை பேசாமல். தெரிந்தும் வராத அப்பா என்று அவன் நினைத்தான். சொல்லாமல் மறைத்த மகன் என்று இவர் நினைத்தார். நடுவில் நான் பஞ்சும் கத்திரியும் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவன் டெக்சாஸில் படித்தான், அங்கேயே வேலை, கல்யாணம், காப்பெல்லில் வீடு. அப்பா ஓய்வுபெற்று நியூ ஜெர்சியிலேயே பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அபார்ட்மென்டில் இருந்தார். அண்ணன் அம்மா காரியத்துக்கு வந்தான். அப்பாவின் எண்பதுக்கு வந்தான், போட்டோவில் ஓரமாக நின்றான். பிறந்தநாளுக்கு அப்பாவுக்குத் தவறாமல் போன் பண்ணுவான். ஒரு நிமிடம் பேசுவார்கள். தட்பவெப்பம்தான் பேச்சு. அப்பா அதன் பிறகு ஃபுட்பால் பார்க்கவே இல்லை.

எத்தனையோ தடவை சொல்ல நினைத்தேன். அப்பாவைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும், நெவார்க்கில் இறங்கும்போது இந்தத் தடவை என்று நினைப்பேன். பொய்யை உடைத்தால் இரண்டு பேர் சேருவார்கள், ஆனால் இரண்டு பேருமே என்னை எப்படிப் பார்ப்பார்கள்? இந்தக் கணக்கிலேயே வருடங்கள் போயின. மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா போய்விட்டார்.

அடுத்த வருடக் கோடையில் காப்பெல் போனேன். அண்ணன் வீட்டுப் பின்புறத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அண்ணி கடைக்குப் போயிருந்தாள். அவன் வலப்பக்கம் போய் நின்றேன்.

"அண்ணா, அப்பாவுக்குத் தெரியாது."

"எது?"

"உன் காது. நான் சொல்லவே இல்லை. அவர்கிட்ட நான் சொல்லலைண்ணா."

"சொன்னேன்னு சொன்னியே. கேட்ல வச்சும் கேட்டேனே."

"பொய் சொன்னேன்."

தண்ணீர் ஒரே செடியின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. மண் கரைந்து வேர் தெரிந்தது. அவன் பார்க்கவில்லை.

"யூ வேர் எலெவன்," என்றான் கடைசியில். குழாயை மூடினான். உள்ளே போய்விட்டான்.

மறுநாள் ஏர்போர்ட்டுக்கு அவன்தான் டிரைவ் பண்ணினான். இறக்கிவிட்டு, பெட்டியை எடுத்துக் கொடுத்து, "டேக் கேர்" என்றான். அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவனிடமிருந்து போன் இல்லை. நான் செய்தால் அண்ணி எடுப்பாள்.

போன மாதம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவனே கூப்பிட்டான். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும். என்னை கம்ஃபர்ட் பண்றதுக்காக எதுவும் சொல்லாதே. நடந்ததை அப்படியே சொல்லு."

"கேளுண்ணா."

"அன்னிக்கு நீயும் அம்மாவும் பஸ்ஸுக்குத் திரும்பிப் போனீங்களே. அப்பா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டேன். இதை நான் அம்மாவிடமோ, வீட்டுக்காரரிடமோ, யாரிடமும் சொன்னதில்லை. காப்பெல்லில் அவனிடம் எல்லாவற்றையும் கொட்டியதாக நினைத்தேனே, அன்றைக்கும் இதைச் சொல்லவில்லை.

அன்றைக்கு பஸ்ஸில் அம்மா வேண்டுமென்றே வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் அப்பா பக்கத்தில். பஸ் இன்னும் கிளம்பவில்லை. முன்னால் கர்னலும் மற்றவர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா அவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, தமிழில், என்னிடம் கேட்டார்: "பிள்ள எப்படி இருக்கான்? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

நான் சொன்னேன்: "நல்லா இருக்கான்ப்பா."

அங்கே நான் யாருக்கும் பயந்திருக்க வேண்டியதில்லை. கேட்டது அப்பா. வாசல் திறந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கர்னல் பார்க்கிறாரா இல்லையா என்று பார்க்காமல் இறங்கி ஓடியிருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும்.

இதைத்தான் அண்ணனிடம் சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"கேட்டாரா?" என்றான்.

"கேட்டார்ண்ணா."

"உடம்புக்கு ஒண்ணுமில்லையேன்னா?"

"ஆமா. இதே வார்த்தைதான்."

அந்தப் பக்கம் அவன் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"அப்பா சொன்ன மாதிரியே சொல்லு."

குரலைத் தாழ்த்திக்கொண்டு, அப்பா பேசுகிற அந்தக் கோவில்பட்டி இழுப்போடு சொன்னேன். "பிள்ள எப்படி இருக்கான்? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"இன்னொரு தடவை," என்றான்.

சொன்னேன்.